ஒரு மணி நேரம் பின்னால்

ஸேபுரூஜ் துறைமுகம்
13 மே 1993

அன்புள்ள காத்ரீனுக்கு,

இந்தக் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரிய நியாயமில்லை. அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. முழங்கால் மட்டும் மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? உன் அம்மா எப்படி இருக்கிறாள்? நான் எழுதுவது அவளுக்குத் தெரிந்தால் கடிதத்தைக் கிழித்துப்போடுவாளோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

இருபத்துநாலு வருஷமாகக் கப்பல்களில் ரொட்டி சுடுகிறேன். இந்த வருஷம் எங்கள் ‘லேடி எலினர்’ சவுத்தாம்ப்டனிலிருந்து வடகடல் பக்கம் ஓடுகிறது. பயண அட்டவணையைச் சாப்பாட்டு அறைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதில் நம் ஊர்ப் பெயர், ‘புரூஜ்’ என்று பார்த்ததும் கையிலிருந்த மாவுத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன். கப்பல் என்னவோ ஸேபுரூஜில்தான் நிற்கும். ஆனால் ‘வெறும் சரக்குத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகிறோம்’ என்றால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

நாலு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில், செப்டம்பர் கடைசி வரை இங்கே வருவோம். காலை ரொட்டி வேலை முடிந்தால் ஒன்பதிலிருந்து மூன்று வரை எனக்கு ஓய்வு. நான் சொல்வது கப்பல் மணி. எந்த ஊரில் நின்றாலும் எங்கள் கப்பலில் இங்கிலாந்து மணிதான். உங்கள் மணிக்கு ஒரு மணி நேரம் பின்னால்.

இன்று நான் இறங்கவில்லை. ரொட்டி அறையின் வட்டச் சன்னல் வழியாக, பயணிகள் குடையும் கேமராவுமாகப் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பலில் புரூஜ்காரன் நான் ஒருவன்தான். என்னைத் தவிர எல்லோரும் புரூஜுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை நான் வீட்டுக்கு வரலாமா? பதிலைத் துறைமுகத்தில் எங்கள் கப்பல் ஏஜெண்டு அலுவலகத்துக்குப் போட்டால், கப்பல் வரும் நாளில் என் கையில் தருவார்கள்.

இருமல் வந்தால் கால்வாய்ப் பக்கச் சன்னலை மூடிக்கொள். சின்ன வயதில் உனக்கு அது ஆகாது.

உன் அப்பா,
அகீல்

*

சின்ட்-அன்னா கால்வாய்க் கரை, புரூஜ்
20 மே 1993

திரு. அகீல் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். வீடு நலம். கால்வாய்க்கும் ஒன்றும் குறைவில்லை. நீங்கள் போன காலத்தைவிட நாற்றம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழங்காலைக் கப்பல் டாக்டரிடம் காட்டவும். இருமல் எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிட்டது.

வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வழியை மட்டும் எழுதுகிறேன். நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் கப்பல் பயணிகளுக்குத் தலைவலி மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கிற வழிதான், அதனால் எனக்குச் சிரமமில்லை. கப்பலடியிலிருந்து நடக்க விடமாட்டார்கள். லாரிகள் ஓடும் இடம். ஒரு சின்ன பஸ் துறைமுக வாசல் வரை கொண்டுவந்து விடும். வாசலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கடற்கரை டிராம். அதில் பிளாங்கன்பெர்க வரை. இறங்கினால் எதிரிலேயே ரயில் நிலையம். ரயிலில் கால் மணி நேரத்தில் புரூஜ். அங்கிருந்து மின்னவாட்டர் ஏரி, டைவர் கால்வாய்க் கரை, சந்தைச் சதுக்கம். அதற்குப் பிறகும் நான் வழி சொல்ல வேண்டுமா?

எங்கள் கரையில் கயிறு கட்டி நிற்கும்போதும் நீங்கள் ஒரு மணி நேரம் பின்னால்தான் இருக்கிறீர்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இப்படிக்கு,
காத்ரீன்

*

ஸேபுரூஜ்
10 ஜூன் 1993

அன்புள்ள காத்ரீனுக்கு,

உன் கடிதத்தை ஏஜெண்டின் ஆள் காலையில் ரொட்டி அறைக்கே கொண்டுவந்து தந்தான். மாவுக் கையோடு நாலு தடவை படித்தேன். நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று ராத்திரியே க்ளெட்ஸ்கோப் சுட்டுத் தகர டப்பாவில் அடுக்கி வைத்திருந்தேன். சன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரிகிற அந்த மெல்லிய பாதாம் பிஸ்கட் உனக்கு உயிர். கப்பலில் ஆங்கிலேயர்கள் அதைத் தேநீரில் முக்கிப் பாழாக்குகிறார்கள்.

ஒன்பது மணிக்கு இறங்கினேன். நீ சொன்ன பஸ்ஸில் ஏறினேன். துறைமுக வாசலில் இறங்கினேன். வாசல் காவலாளி என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, பேச்சு அப்படியே சின்ட்-அன்னா பேச்சா இருக்கே! நீ எப்படி இங்கிலீஷ்காரன் கப்பல்ல?”

“ரொட்டி சுடறேன்.”

“ஊரை விட்டு எத்தனை வருஷமாச்சு?”

“ரொம்ப நாளாச்சு.”

“பொண்டாட்டி, புள்ளைங்க?”

“அங்கதான் இருக்காங்க.”

“அங்கதான் இருக்காங்கன்னா போய்ப் பாரேன்யா! இங்க நின்னு எனக்கு பிஸ்கட் ஊட்டிக்கிட்டிருக்கே!”

அப்போதுதான் கவனித்தேன், டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன். டிராம் ஒன்று போனது. அடுத்ததும் போனது. முழங்கால் வலித்தது என்று வைத்துக்கொள். திரும்பிவிட்டேன்.

நீ அம்மாவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதாதே என்று அவள் சொன்னாளா?

உன் அப்பா

*

புரூஜ்
22 ஜூன் 1993

திரு. அகீல் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி? டிராமைக் கண்டால் மட்டும் வலிக்கிற முழங்காலுக்கு எங்கள் கடையில் மருந்து கிடையாது.

பிஸ்கட் நன்றாக இருந்ததா என்று அந்தக் காவலாளியிடம் கேட்டு எழுதுங்கள். எனக்குத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் கேட்காதீர்கள். வாசலில் வந்து நின்று கேளுங்கள். அப்போது சொல்கிறேன்.

ஒரு கோடைக்காலம் மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பத்து வயதுப் பெண்ணுக்குக் கோடை எப்போது முடியும் என்று தெரியும், பள்ளிக்கூடம் திறந்துவிடுவார்கள். முதல் நாள் வகுப்பில் ‘அப்பா எங்கே’ என்று ஆசிரியை கேட்டார். இன்னும் கோடை முடியவில்லை என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதப் பொறுமை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

காத்ரீன்

*

பிளாங்கன்பெர்க
8 ஜூலை 1993

அன்புள்ள காத்ரீனுக்கு,

பார், ஊர்ப் பெயர் மாறியிருக்கிறது! டிராமில் ஏறி இதோ இங்கே வந்து, கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்காலுக்கு இன்று வலி இல்லை. உனக்கும் அம்மாவுக்கும் நலம்தானே? நீ கேட்காதே என்றாய். பழக்கம், கை எழுதிவிடுகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று ஒரு தட்டு ரொட்டியைக் கருக்கினேன். தலைமைச் சமையல்காரன் கத்தினான். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரயில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. நான் ஏறப் போனேன், ஏறவில்லை. உன்னிடம் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு உன் அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு, “அந்தப் பையோட வாசலைத் தாண்டினா திரும்பி வராதே” என்றாள். நான் தாண்டினேன். அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். ரயில் படியில் கால் வைத்ததும் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது. பயமாக இருக்கிறது, காத்ரீன். அறுபத்தொரு வயதில் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிஸ்கட்டைக் கடற்காக்கைகள் தின்றுவிட்டன. ஒன்று டப்பா மூடியையே தூக்கப் பார்த்தது.

உன் அப்பா

*

புரூஜ்
19 ஜூலை 1993

திரு. அகீல் அவர்களுக்கு,

நலம். வெயில் அதிகம். கால்வாய் மறுபடி நாறுகிறது.

அம்மா கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரயிலேறி ஆஸ்டெண்டு துறைமுகத்துக்கு ஓடியவளும் அவள்தான். உங்கள் கப்பல் போய்விட்டிருந்தது. கப்பல் நின்ற இடத்தில் எண்ணெய் மிதந்தது, எனக்கு நினைவிருக்கிறது. அம்மா அங்கேயே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு எனக்கு ஒரு பொட்டலம் வறுத்த உருளைக்கிழங்கு வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்துவிட்டாள்.

இது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். அது உங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

காத்ரீன்

*

ஸேபுரூஜ், கப்பலில்
5 ஆகஸ்ட் 1993

அன்புள்ள காத்ரீனுக்கு,

ஆஸ்டெண்டுக்கு வந்தாளா? இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்! உன் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசைப் பற்றிக் கேட்காதே.

அந்தக் கடிதம் தந்த வேகத்தில் டிராம், ரயில், எல்லாம் ஒரே மூச்சில். இன்று நான் புரூஜில் இறங்கினேன். மின்னவாட்டர் பாலத்தில் நின்றேன். அன்னங்கள் அப்படியே இருக்கின்றன, திமிரும் அப்படியே. பாலத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு உன் அம்மாவிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தையைப் பழகிப் பார்த்தேன். “இர்மா, நான் வந்துட்டேன்.” என்னவோ கடைக்குப் போய்வந்தவன் மாதிரி இருக்கிறது. “இர்மா, மன்னிச்சுக்கோ.” அதற்கு அவள் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு இன்னும் மோசம். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரி என்னைப் பார்த்து நகர்ந்து நின்றாள்.

கடைசியில் ஒரு வாக்கியம் சரியாக அமைந்தது. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடக்கத் தொடங்கினேன். அப்போது மணிக்கூண்டில் மணி ஒன்று அடித்தது. ஐயோ, நேரமாகிவிட்டது, கப்பல் போய்விடும் என்று நிலையத்தைப் பார்த்து ஓடினேன். பாதி வழியில்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் மணிக்குப் பன்னிரண்டுதான் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருந்தது.

ஆனாலும் நான் திரும்பி நடக்கவில்லை. ரயிலில் ஏறிவிட்டேன்.

பிஸ்கட் அன்னங்களுக்கு.

உன் அப்பா

*

ஸேபுரூஜ், கப்பலில்
2 செப்டம்பர் 1993

அன்புள்ள காத்ரீனுக்கு,

இந்த முறை ஏஜெண்டின் ஆள் வெறும் கையோடு வந்தான். நீ எழுதவில்லை. காய்ச்சலா? அம்மாவுக்கு ஏதாவதா? அல்லது போதும் என்று விட்டுவிட்டாயா? விட்டால் தப்பில்லை.

இன்றைய கூத்தைக் கேள். டைவர் கரை வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் கால் வரவில்லை. படித்துறையில் சுற்றுலாப் படகு நின்றது. எங்கள் கப்பல் பயணிகள் முப்பது பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறிவிட்டேன்! சின்ட்-அன்னாவில் பிறந்தவன், வெள்ளைத் தொப்பி போட்ட ஆங்கிலேயக் கிழவிகளுக்கு நடுவில், டிக்கெட் வாங்கிக்கொண்டு, என் வீட்டைப் பார்க்கப் படகில் போனேன்.

“தலையைக் குனிஞ்சுக்குங்க, பாலம் வருது!” என்று படகோட்டி மூன்று மொழியில் கத்தினான். நான் ஏற்கனவே குனிந்துதான் இருந்தேன்.

வளைவு திரும்பியதும் நம் வீடு. கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்திருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது. மாடிச் சன்னல் திறந்திருந்தது. அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையில் ஓர் உருவம், சன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தது. இர்மாதான். அந்தச் சட்டையை எனக்குத் தெரியாதா, அப்படி நிற்பது அவளைத் தவிர யார்? அவள் படகைப் பார்த்தாள். நான் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு காலடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது வீடு பின்னால் போய்விட்டது.

அவள் நன்றாக இருக்கிறாள். நிமிர்ந்து நிற்கிறாள். இந்தச் சந்தோஷம் போதும் என்று எண்ணிக்கொண்டேன். கப்பலுக்கு வந்த பிறகு போதவில்லை.

இனி ஒரே ஒரு வியாழன்தான் பாக்கி.

உன் அப்பா

*

புரூஜ்
8 செப்டம்பர் 1993

அகீல் அவர்களுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. போன முறை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இதை ஏஜெண்டுக்குப் போடாமல் சவுத்தாம்ப்டன் கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன். கடைசி முறை கிளம்பும் முன் உங்கள் கையில் கிடைக்க வேண்டும்.

சன்னலில் பார்த்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் சன்னலை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதில்லை. கதவைத் தட்டுவார்கள். கதவு பச்சை, நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். யாருக்காகவும் பயந்து நிற்க வேண்டாம். செப்டம்பர் முப்பதாம் தேதி காலை மருந்துக்கடையில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். பகல் ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எழுதுங்கள். பிஸ்கட்டை வழியில் யாருக்கும் தர வேண்டாம்.

குளிர் ஆரம்பித்துவிட்டது, முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளவும்.

காத்ரீன்

*

சவுத்தாம்ப்டன்
22 செப்டம்பர் 1993

அன்புள்ள காத்ரீனுக்கு,

கம்பளி சுற்றிக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னதால் இரண்டு முழங்காலுக்கும் சுற்றிவிட்டேன், ரொட்டி அறையில் சிரிக்கிறார்கள். நீயும் அம்மாவும் சுகம்தானே?

வருகிறேன். ஒன்பது மணிக்குக் கப்பலை விட்டு இறங்குவேன், பத்தரைக்கு உன் கதவு. கப்பல் மணிதான் சொல்கிறேன், நீ வழக்கம்போல ஒரு மணி சேர்த்துக்கொள். அன்னம், படகு, கடற்காக்கை எதையும் திரும்பிப் பார்க்கமாட்டேன். அவள் கதவைச் சாத்தினாலும் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறேன்.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றி நீ பார்த்ததில்லை. நம்பு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன் அப்பா

*

புரூஜ்
2 அக்டோபர் 1993

அப்பாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இதைக் கேட்பதைத் தவிர வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. டாக்டரிடம் போனீர்களா? சாப்பிடுகிறீர்களா?

நான் உங்களை நம்பவில்லை. அதுதான் நடந்தது. நாலு முறை பாதி வழியில் திரும்பிய மனிதர் ஐந்தாவது முறை மட்டும் வந்துவிடுவாரா என்று நினைத்தேன். வீட்டில் காத்திருந்தால் மறுபடி ஏமாறுவேன், நானே போய்த் துறைமுக வாசலில் பிடித்து இழுத்துக்கொண்டு வரலாம் என்று கிளம்பினேன். நீங்கள் ஒன்பது என்றீர்கள். ஒரு மணி சேர்த்தேன், பத்து. ஒன்பதே முக்காலுக்கே துறைமுக வாசலில் நின்றேன். அங்கே ஒரு புதுப் பையன் காவல் இருந்தான், அவனுக்கு யாரையும் தெரியவில்லை. பஸ் வந்தது, நீங்கள் இல்லை. அடுத்த பஸ், அதற்கடுத்தது. ஒவ்வொரு கிழவர் முகத்தையும் பார்த்தேன். நண்பகலில் எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மருந்துக்கடைக்கு நேராகப் போய்விட்டேன். அன்று வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சிமோன் மாமி உங்கள் தகர டப்பாவோடு ஓடிவந்தார்.

“உங்க அப்பாவாமே, காத்ரீன்! பத்தரைக்கெல்லாம் வந்துட்டாரு. தொப்பியைக் கையில எடுத்துக்கிட்டு நின்னாரு, சட்டையில ஒரு சுருக்கம் இல்லை. ‘இர்மா இருக்காளா’ன்னு கேட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல? ‘இர்மா போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா’ன்னுட்டேன். வாயில வந்துடுச்சும்மா. மனுஷன் அப்படியே படியில உக்காந்துட்டாரு. நீ வந்துடுவேன்னு சொன்னேன். காப்பி குடுத்தேன், கையிலயே ஆறிப்போச்சு. கப்பலுக்கு நேரமாச்சுன்னு எழுந்து போகும்போது, ‘டப்பாவை அவகிட்டக் குடுத்துடுங்க, வழியில யாருக்கும் குடுக்கலைன்னு சொல்லுங்க’ன்னாரு.”

அதன் பிறகுதான் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்டூல் போட்டு ஏறி அதை ஒரு மணி பின்னால் திருப்பிவைத்தேன். குளிர்கால மணி. நாங்கள் திருப்பிவிட்டோம், இங்கிலாந்தில் அக்டோபர் கடைசியில்தான் திருப்புவார்களாம், மருந்துக்கடை முதலாளி சொன்னார். நடுவில் இந்த நாலு வாரம் இரண்டு ஊரிலும் ஒரே மணி. நீங்கள் சொன்ன ஒன்பது எனக்கும் ஒன்பதுதான். நான் பழக்கத்தில் ஒரு மணி சேர்த்தேன். வருஷத்தில் நம் கடிகாரங்கள் ஒத்துப்போகிற சமயத்தில் வந்தீர்கள், நான் உங்களைத் தவறவிட்டேன்.

அம்மாவைப் பற்றி வாசலில் சொல்வேன் என்றேன். இப்போது இங்கேயே சொல்கிறேன். 1991 பிப்ரவரியில் போய்விட்டாள். மார்பில் கட்டி. கடைசி வரை அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

உங்கள் முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்கலாம். பேனாவை எடுத்தேன். எழுதினால் அடுத்த வியாழனே வந்து நிற்பீர்கள் என்று தோன்றியது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, ஒரு பூங்கொத்தோடு, பயமில்லாமல். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குப் பயந்துகொண்டு, அப்படியும் வர வேண்டும் என்று விரும்பினேன். உங்களை எடைபோட்டேன், அப்பா. நீங்கள் ஒவ்வொரு நிறுத்தமாக நெருங்கி வந்ததைப் படித்தபோது உள்ளூரச் சந்தோஷப்பட்டேன், ஆனால் அதை எழுதவில்லை.

பச்சைச் சட்டை அம்மாவுடையதுதான். போட்டிருந்தது நான். கப்பல் வரும் நாள் என்பதால் உடம்பு சரியில்லை என்று கடையில் பொய் சொல்லிவிட்டுக் காலையிலிருந்து சன்னலில் நின்றேன். படகில் ஒரு கிழவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறாரே என்று பரிதாபப்பட்டேன்.

இங்கிலாந்திலிருந்து ஆஸ்டெண்டுக்குத் தினமும் கப்பல் இருக்கிறது. அட்டவணைக்குக் காத்திருக்க வேண்டாம். வாருங்கள்.

டப்பாவை நான் இன்னும் திறக்கவில்லை.

காத்ரீன்

*

சவுத்தாம்ப்டன்
22 அக்டோபர் 1993

என் காத்ரீனுக்கு,

உன் கடிதத்தில் ‘அப்பா’ என்று இருந்தது. அதைத் தாண்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் சாப்பிடுகிறேன். முழங்கால் சும்மா இருக்கிறது. நீ தனியாக இருக்கிறாய், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டுப் பார்த்தேன், முடியவில்லை. உன் படியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. மின்னவாட்டர் பாலத்தில் அத்தனை நேரம் நின்று இர்மாவிடம் சொல்ல ஒரு வாக்கியம் செய்தேனே, அது மட்டும்தான் என்னிடம் இருந்தது. உன்னிடம் சொல்ல ஒரு வார்த்தைகூட நான் கொண்டுவரவில்லை. ஐந்து முறையும் அவளைப் பார்க்கத்தான் கிளம்பினேன். கடிதம் எழுதியது நீ, வழி சொன்னது நீ, கம்பளி சுற்றச் சொன்னது நீ. சன்னலில் நின்ற என் மகளைப் பார்த்துத் தலையைக் குனிந்தவன் நான். நீ எடைபோட்டதில் ஒரு தவறும் இல்லை.

உன்னை இரண்டு முறை துறைமுகத்தில் நிற்க வைத்திருக்கிறேன். முதல் முறை வறுத்த கிழங்காவது கிடைத்தது உனக்கு.

ஆஸ்டெண்டுக் கப்பல் எனக்குத் தெரியாததல்ல, காத்ரீன். இருபத்துநாலு வருஷமும் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தது. நாளைக் காலை ‘லேடி எலினர்’ கிளம்புகிறது. குளிர்காலம் முழுக்க மேற்கிந்தியத் தீவுகள். அடுத்த கோடையில் மத்தியதரைக் கடல் என்கிறார்கள். புரூஜ் பட்டியலில் இல்லை. வருகிறேன் என்று எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். இன்னொரு முறை அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு உன்னை எங்கேயும் நிற்க வைக்க எனக்குத் துணிவில்லை. வந்தால் கதவைத் தட்டுகிறேன்.

டப்பாவைத் திற. அந்த பிஸ்கட் ரொம்ப நாள் தாங்காது, ஈரக்காற்று பட்டால் மொறுமொறுப்பு போய்விடும். நன்றாக இருக்கிறதா என்று எழுது. நன்றாக இருக்கிறது என்று அந்தக் காவலாளி சொன்னதை நான் நம்பவில்லை.

நாளை மறுநாள் ஞாயிறு. இங்கேயும் கடிகாரத்தைத் திருப்புகிறார்கள். அதற்குப் பிறகு நீ பழையபடி ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளலாம், சரியாக இருக்கும்.

அப்பா